இரண்டு செஸ் இன்ஜின்கள் மோதிய ஆட்டத்தை ஆராய்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

இன்ஜின்கள், அதாவது செஸ் ஆடும் மென்பொருள்கள், ஆடிய ஓர் ஆட்டத்தை லீசெஸ் தளத்தில் போட்டுப் பகுப்பாய்வுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் துல்லியம் நூற்றை ஒட்டி வரும். பெருந்தவறு என்று சிவப்பில் ஒன்றும் இருக்காது. ஆனால் கறுப்பு தோற்றிருக்கும்! செந்தூலில் என் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கேட்பதும் இதைத்தான்: "சார், தப்பே பண்ணலன்னா எப்படித் தோத்துச்சு?"

மனிதர்கள் ஆடிய ஆட்டத்தில் நாம் தவறைத் தேடுவோம். இன்ஜின் ஆட்டத்தில் தேட வேண்டியது கருத்து வேறுபாட்டை. ஒவ்வொரு நகர்வின்போதும் "இப்போது நிலைமை இப்படித்தான்" என்று இரண்டு இன்ஜினும் ஓர் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போகின்றன. எந்த கிராண்ட்மாஸ்டரும் நமக்கு இப்படி எழுதித் தருவதில்லை. அந்த இரண்டு எண்களும் எங்கே பிரிகின்றன என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆட்டத்தின் நகர்வுகளை எழுதி வைக்கும் பிஜிஎன் கோப்பு என்றால் என்ன, நகர்வை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: குறிப்புகளோடு உள்ள கோப்பை எடுங்கள்

டிசிஇசி (இன்ஜின்களின் போட்டித் தொடர்), சிசிஆர்எல் (இன்ஜின்களைத் தரவரிசைப்படுத்தும் குழு) இரண்டின் தளத்திலும் ஆட்டங்கள் இலவசமாகக் கிடைக்கும். சொந்தமாக ஓர் ஆட்டம் நடத்திப் பார்க்க ஆசை என்றால் கியூட் செஸ் என்ற செயலி போதும். ஸ்டாக்ஃபிஷையும் யூசிஐ (இன்ஜினும் செயலியும் பேசிக்கொள்ளும் பொது முறை) தெரிந்த வேறோர் இன்ஜினையும் அதில் மோதவிட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். லீசெஸ்ஸில் ஏற்றுவதாக இருந்தால் சாதாரண இறக்குமதிப் பக்கம் வேண்டாம், கிளை நகர்வுகள் அழிந்துவிடும். 'ஸ்டடி' வழியாக ஏற்றுங்கள்.

டிசிஇசி இறுதிச்சுற்று ஆட்டமா? அப்படியானால் ஒன்றல்ல, இரண்டு ஆட்டங்களை எடுங்கள். அங்கே தொடக்க நகர்வுகளை இன்ஜின்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஏற்பாட்டாளர்கள் கொடுக்கிறார்கள், அதுவும் எல்லாம் டிராவில் முடிந்துவிடாதபடி ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த நிலையாகப் பார்த்து. அதே தொடக்கத்தை நிறம் மாற்றி இன்னொரு முறை ஆடுவார்கள். ஒரே நிலையில் மற்ற இன்ஜின் என்ன செய்தது என்பதை அந்த இரட்டை ஆட்டம் காட்டிவிடும். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல விளக்கவுரை கிடையாது.

படி 2: தலைப்பு வரிகளைப் படியுங்கள்

நேரக் கட்டுப்பாடு, இன்ஜினின் பதிப்பு, தொடக்க நகர்வுகள் முடியும் இடம், இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ, ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா என்று வென்ற செய்தி வந்ததும் உலகம் முழுக்கச் சண்டை எழுந்தது நினைவிருக்கலாம். சண்டையில் பாதி நகர்வுகளைப் பற்றியே அல்ல. ஒரு நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று நேரத்தைக் கட்டிப்போட்டதும், கணக்கிட்டதை நினைவில் வைக்கும் ஹேஷுக்கு ஒரே ஒரு ஜிபி கொடுத்ததும் நியாயமா என்றுதான் கேட்டார்கள். நிபந்தனை தெரியாமல் நகர்வைக் குறை சொல்லக் கூடாது.

படி 3: எண்களை இரண்டு வரிசையாகப் பிரியுங்கள்

ரொம்ப நேரம் என்னை நிறுத்தி வைத்த படி இது. பொறுமையாகப் படியுங்கள்.

கியூட் செஸ் எழுதும் குறிப்பு +0.45/28 என்கிற மாதிரி இருக்கும். முதல் எண் மதிப்பீடு (சிப்பாய்க் கணக்கில் எவ்வளவு சாதகம் என்பது), சாய்கோட்டுக்குப் பிறகு வருவது ஆழம் (எவ்வளவு தூரம் முன்னே யோசித்தது என்பது). சரி, அந்த + யாருக்குச் சாதகம்? கியூட் செஸ்ஸில் நகர்வைச் செய்த இன்ஜினுக்கு. கறுப்பு ஆடிவிட்டு +0.80 என்று எழுதினால் கறுப்புக்குத்தான் நல்ல நிலை. ஆனால் டிசிஇசி கோப்பிலும் லீசெஸ்ஸிலும் வரும் எண் எப்போதும் வெள்ளையின் பார்வையில் இருக்கும். இரண்டையும் கலந்துவிட்டால் வரைபடம் ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் குதிக்கும். அதைப் பார்த்துவிட்டு "என்ன ஒரு அனல் பறக்கும் ஆட்டம்" என்று எழுதியவர்களும் உண்டு.

கோப்பு எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழி. தெளிவாக ஒருவர் வென்ற ஆட்டத்தின் கடைசிப் பத்து எண்களைப் பாருங்கள். எல்லாமே ஒரே குறியில் இருந்தால் வெள்ளையின் பார்வை. + - + - என்று மாறி மாறி வந்தால் அவரவர் பார்வை. இரண்டாவது வகை என்றால் கறுப்பின் எண்களை மட்டும் குறி மாற்றுங்கள். அப்புறம் எக்செலில் வெள்ளை இன்ஜினின் எண்கள் ஒரு நிரலிலும் கறுப்பின் எண்கள் அடுத்த நிரலிலும் வரட்டும். இரண்டு கோடாக வரையுங்கள்.

எண்ணின் அளவை வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள். ஸ்டாக்ஃபிஷில் 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து +1.00 என்றால் வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு என்று அளவுகோலையே மாற்றினார்கள். லீலா என்ற இன்ஜினோ உள்ளுக்குள் வெற்றி வாய்ப்பாகவே கணக்குப் போட்டு, கடைசியில்தான் அதைச் சிப்பாய்க் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. ஆழமும் அப்படியே, ஒன்றின் 40-ஐ மற்றதன் 12-உடன் ஒப்பிடுவதில் பொருளில்லை. கோடு எந்தத் திசையில் திரும்புகிறது, யாருடையது முதலில் திரும்புகிறது, அவ்வளவு பார்த்தால் போதும்.

படி 4: பிரியும் இடம்

வெள்ளையின் கோடு 24-ஆம் நகர்வில் ஏறத் தொடங்குகிறது, கறுப்பின் கோடு 31 வரை படுத்தே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏழு நகர்வுகளில்தான் ஆட்டம் தீர்மானமானது. வெள்ளைக்குத் தெரிந்த ஏதோ ஒன்று கறுப்புக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் அது ஒரு தந்திரமாக இருக்காது. அடைபட்ட மந்திரியோ, நகர இடமில்லாத ராஜாவோ, இருபது நகர்வு கழித்து உயிர் பெறும் ஓரச் சிப்பாயோ இருக்கும். டிசிஇசி கோப்பில் இன்ஜின் எதிர்பார்த்த தொடர் நகர்வுகளும் இருக்கும். எதிராளி எந்த இடத்தில் எதிர்பாராததை ஆடினார் என்று அதில் பாருங்கள்.

கோடு +2-க்கு அருகே நாற்பது நகர்வு அசையாமல் கிடந்தால் அது கோட்டையாக இருக்கலாம். சாதகம் உண்டு, உள்ளே நுழைய வழியில்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் யானையும் ராஜாவும் இங்குமங்கும் உலாத்திவிட்டு, திடீரென்று ஒரு சிப்பாய் ஒரு கட்டம் முன்னே போகும். பிள்ளைகள் அதில் பெரிய திட்டத்தைத் தேடுவார்கள். சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் போனால் டிரா என்னும் ஐம்பது நகர்வு விதி நெருங்கிவிட்டது, வேறொன்றுமில்லை.

படி 5: இப்போதுதான் உங்கள் இன்ஜின்

இன்ஜினை ஓட்ட எனக்குப் பிடித்த செயலி ஆன் க்ருவாசான். இலவசம், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும், கோப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்ளும். லீலாவின் யோசனையைப் பார்க்க மட்டும் நிப்லர். ஆனால் லீலாவுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். லோ யாட் பிளாசாவில் விலை கேட்டுவிட்டு மைலோ ஐஸ் குடித்துத் திரும்பியவன் நான், அதனால் பெரும்பாலும் ஸ்டாக்ஃபிஷே. தானாக முழு அறிக்கை எழுதித் தரும் வசதிகளை நான் தொடுவதே இல்லை. அவை மனித ஆட்டத்துக்குச் செய்தவை.

ஹேஷை ஒன்றிரண்டு ஜிபி வையுங்கள். கணினிச் செயலியின் கோர்களில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் இன்ஜினுக்குக் கொடுங்கள். கோலாலம்பூர் மதியத்தில் மடிக்கணினி ஏர்கோன் இல்லாமல் சூடாகி, வேகம் தானாகவே குறைந்துவிடும். நான் இரவில்தான் ஓட்டுகிறேன்.

கடைசி நகர்விலிருந்து பின்னோக்கி வாருங்கள். முடிவில் கண்டுபிடித்தது ஹேஷில் தங்கியிருக்கும், முந்தைய நிலைக்கு வரும்போது இன்ஜின் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். பிரிந்த இடத்தை நெருங்கும்வரை சிறந்த மூன்று நகர்வு வரிசைகளைக் காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் மட்டும் ஒன்றாகக் குறைத்து நெடுநேரம் விடுங்கள். வரிசை கூடினால் ஆழம் குறையும்.

உங்கள் கணினி ஒரு நகர்வைத் தவறு என்று சொன்னால் உடனே நம்ப வேண்டாம். ஆடிய இன்ஜின் உங்கள் கணினியைவிடப் பல மடங்கு பலமான எந்திரத்தில் யோசித்திருக்கும். அது ஆடிய நகர்வை நீங்களே பலகையில் வைத்து, அதன் பிறகு இரண்டு மூன்று நகர்வு முன்னே போய், அங்கிருந்து கேளுங்கள். பல நேரம் உங்கள் இன்ஜினும் மனம் மாறிவிடும்.

படி 6: ஏழு காய்

ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் ஏழு காய்களோ அதற்குக் குறைவோ இருந்தால் இன்ஜினை நிறுத்துங்கள். லீசெஸ்ஸில் சிசிஜி அட்டவணையை (கடைசிக் கட்ட நிலைகளுக்கு முன்கூட்டியே விடை கணக்கிட்டு வைத்தது) பார்த்தால் வெற்றியா டிராவா என்று தீர்ப்பே கிடைத்துவிடும். ஐந்து காய் வரையிலான கோப்புகள் ஏறக்குறைய ஒரு ஜிபிதான், இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆறு காய் 150 ஜிபி பக்கம் வரும், வேண்டாம்.

பிற்சேர்க்கை 1: "ஆட்டம் பாதியில் நிற்கிறதே, கோப்பு கெட்டுவிட்டதா?" என்று பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கெடவில்லை. இரண்டு இன்ஜினும் ஒரே முடிவை ஒத்துக்கொண்டு சில நகர்வு போனால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார்கள். கியூட் செஸ் கோப்பில் கடைசிக் குறிப்பிலேயே காரணம் எழுதியிருக்கும்.

பிற்சேர்க்கை 2: ஒரே நிலையை இரண்டு முறை ஓட்டினால் வேறு வேறு எண் வருகிறது என்று இருவர் எழுதினார்கள். பல கோர்களில் ஓடும்போது அப்படித்தான் வரும். ஒரே விடை வேண்டுமென்றால் ஒரு கோரில், ஹேஷைக் காலி செய்துவிட்டு, இத்தனை நிலைகள் என்று வரம்பு வைத்து ஓட்டுங்கள்.

பிற்சேர்க்கை 3: எக்செலில் ஒட்டினால் எண்கள் எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி வருகின்றன என்ற புகாருக்கு. + என்று தொடங்கினால் எக்செல் அதைக் கணக்கு என்று நினைத்து 0.45-ஐ 28-ஆல் வகுத்துவிடுகிறது, 0.016 வருகிறது. செக்மேட்டைக் குறிக்கும் +எம்12 இன்னும் மோசம், எம் நிரலின் 12-ஆம் கட்டத்தைத் தேடிப் போகும். ஒட்டும் முன்பே நிரலை உரை வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு சாய்கோட்டிலிருந்து வலப்பக்கம் உள்ளதை வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் எண்ணாக்குங்கள். மேட் வரும் இடங்களில் நான் 20 அல்லது -20 போட்டுவிடுகிறேன்.