தாராவிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மனநல ஆப் வடிவமைக்க

மும்பை தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மனநல ஆப் செய்வதென்றால், திரை வரைவதற்கு முன்பே அவர்களைக் கூப்பிடுங்கள். முடிந்தபின் கேட்டால் "நல்லாருக்கு" என்பார்கள். அது பதில் இல்லை, மரியாதை.

குழுவுக்கு 6 பேர் போதும். பெண்களுக்குத் தனிக் குழு. வேலைக்குப் போகிறவர்களின் கூலி இழப்பை அன்றைக்கே கையில் கொடுங்கள். சான்றிதழை நீட்டி அனுப்புவது ஏமாற்று வேலை. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம், பிள்ளையின் சம்மதம் இரண்டும் வேண்டும்.

"மனச்சோர்வு" என்று ஆரம்பிக்காதீர்கள். "மனசு சரியில்லன்னா வீட்டுல எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டு, வருவதை அப்படியே சீட்டில் எழுதுங்கள்: "டென்ஷன்", "தலை பாரமா இருக்கு", "ஒண்ணும் புடிக்கல". பட்டன்களில் இவைதான் வர வேண்டும். வீட்டில் தமிழ் பேசினாலும் இந்தியிலோ மராத்தியிலோ படித்தவர்கள் உண்டு. எழுத்தோடு குரலும் வையுங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது போனில்தான். ஒரே போனை அண்ணனும் அம்மாவும் எடுப்பார்கள். "இன்று உங்கள் மனநிலை எப்படி?" என்று நோட்டிஃபிகேஷன் வந்தால் அன்றோடு ஆப்பை அழித்துவிடுவார்கள். ஆகவே திரைகளைக் காகிதத்தில் வரைந்து காட்டி, "அம்மா பக்கத்துல இருக்கும்போது இதைத் திறப்பியா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். தயங்கிய திரையை அங்கேயே அவர்கள் கையாலேயே திருத்தச் சொல்லுங்கள்.

யாராவது கலங்கினால் பேச ஓர் ஆலோசகர் அருகிலேயே இருக்கட்டும். அரசின் மனநல உதவி அழைப்பு சேவையான டெலி மானஸின் எண் 14416 முதல் திரையிலேயே இருக்க வேண்டும், நெட் இல்லாதபோதும் அழைக்கும்படி.