புன்டா அரீனஸ் வழியாகப் படகோனியா: முதல்முறை போகிறவர்களுக்கு

தென் அமெரிக்காவின் தென்கோடிப் பகுதியான படகோனியாவில், தோரெஸ் தெல் பைனே தேசியப் பூங்காவின் மலைகளைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் முதலில் இறங்குவது புன்டா அரீனஸில். சிலியின் தென்கோடியில், மெகல்லன் நீரிணைக் கரையில் இருக்கும் துறைமுகம். விசாவும் தலைநகர் சாந்தியாகோ வரைக்கும் டிக்கெட்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. சாந்தியாகோவில் விமானம் மாறுவது

ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தாலும் பெட்டியை இங்கே எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, மறுபடியும் போட வேண்டும். வெளிநாட்டு விமானங்கள் டெர்மினல் 2, உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 1. நான்கு மணி நேர இடைவெளி வையுங்கள்.

கறிவேப்பிலை, பழம், விதை, தேன் எதுவும் வேண்டாம். கம்பெனி பாக்கெட்டில் உள்ள பொடி, ஊறுகாய் என்றாலும் படிவத்தில் உணவு இருக்கிறது என்றே குறிப்பிடுங்கள். சொன்ன பொருள் கூடாதது என்றால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டினால் அபராதம்.

குடிவரவில் ரசீது மாதிரி ஒரு சின்னத் தாள் தந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதையும் பாஸ்போர்ட்டையும் காட்டி, டாலரிலோ வெளிநாட்டு அட்டையிலோ கட்டினால் பல ஹோட்டல்களில் 19 சதவீத வரி கிடையாது. சின்ன விடுதிகளில் இது நடக்காமல் போகலாம், பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

2. விமான நிலையத்திலிருந்து பஸ்

பலரும் தடுமாறுகிற இடம் இதுதான். புன்டா அரீனஸ் விமான நிலையம் ஊருக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. பூங்காவுக்குப் போகத் தங்கும் ஊரான புவெர்ட்டோ நதாலெஸும் வடக்கேதான், சுமார் 250 கி.மீ., மூன்று மணி நேரம். அதாவது ஊருக்குள் போய் பஸ் பிடித்தால், வந்த சாலையிலேயே திரும்பப் போவீர்கள்.

நதாலெஸ் பஸ்கள் பல விமான நிலையத்திலும் ஆள் ஏற்றும். ஆனால் டிக்கெட் போடும்போது ஏறும் இடம் விமான நிலையம் என்றே இருக்க வேண்டும். ஊரில் ஏறுவதாகப் போட்டுவிட்டு இங்கே நின்றால் அந்த பஸ் உங்களுக்காக நிற்கும் என்று நம்ப முடியாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இருக்கை சீக்கிரம் நிரம்பும், முன்பே எடுங்கள். விமானம் இறங்கும் நேரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள். திரும்பும்போதும் இறங்கும் இடத்தை இதே மாதிரி பாருங்கள்.

ஊரிலிருந்தே ஏறுவதானால், எல்லா பஸ்ஸும் வரும் பொதுப் பஸ் ஸ்டாண்டைத் தேடாதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஆபீஸ், அங்கிருந்துதான் பஸ். டிக்கெட்டில் உள்ள முகவரியைப் பாருங்கள்.

3. பெங்குயின் தீவு

நீரிணையில் இருக்கும் மாக்தலேனா தீவில் அக்டோபர் முதல் மார்ச் வரை மெகல்லன் பெங்குயின்கள் இருக்கும். காற்று பலத்தால் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள், படகு ரத்து. அதனால் இதைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். தள்ளிப்போட இன்னொரு நாள் கையில் இருக்கட்டும். வேகப் படகு சீக்கிரம் போகும், ஆனால் நன்றாக ஆட்டும். வாந்தி வருகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் போகும் பெரிய படகே மேல்.

4. வாங்க வேண்டியவை

அடுப்பு கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இங்கேயோ நதாலெஸிலோ வாங்குங்கள். பூங்காவில் விறகு மூட்டத் தடை, கேஸ் அடுப்பும் அனுமதித்த இடத்தில் மட்டும்தான். குடை வீண். வசந்தத்திலும் கோடையிலும் காற்று பலத்தால், நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத் தெருமுனைகளில் கயிறு கட்டும் ஊர் இது. காற்றுப் புகாத ஜாக்கெட்டுக்குக் காசைச் செலவழியுங்கள். குளிர்தானே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள், வசந்தத்தில் ஓசோன் மெலிந்து புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும்.

பின்னர் சேர்த்தது: அர்ஜென்டினாவின் உஷுவாயா ஊருக்குப் போய் அண்டார்டிகா கப்பல் ஏறுகிறவர்களுக்கு. புன்டா அரீனஸிலிருந்து பஸ்ஸில் சுமார் 12 மணி நேரம், நடுவில் அர்ஜென்டினா எல்லைச் சோதனை. நீரிணையைத் தாண்ட பஸ் படகில் ஏறும். காற்றடித்தால் அந்தப் படகும் நிற்கும். கப்பலுக்கு இரண்டு நாள் முன்பே அங்கே சேருங்கள்.