புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டு நடுவில் அறுந்ததும் பலர் உடனே ஸ்பீக்கரை ரீசெட் செய்துவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். ஒலி அறுவதற்கு இணையம் காரணமாக இருக்கலாம், புளூடூத் அலை காரணமாக இருக்கலாம், பேட்டரியும் காரணமாக இருக்கலாம். எதுவென்று தெரியாமல் ரீசெட் செய்தால், இணைத்து வைத்த போன்கள் எல்லாம் அழிந்துபோகும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒலி 96.8 வானொலியைப் போனின் செயலியில் கேட்கும்போது அறுகிறது என்று வைத்துக்கொள்வோம். போனை அதே இடத்தில் வைத்து, ஏற்கெனவே இறக்கி வைத்த பாட்டு ஒன்றைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். தடங்கல் இல்லையென்றால் கோளாறு இணையத்தில்தான். அப்போதும் அறுந்தால், ஏரோபிளேன் மோடைப் போட்டு, புளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்து, போனை ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள். இப்போது சரியாகிவிட்டால் அலையில் சிக்கல். அப்படியும் அறுந்தால், ஆக்ஸ் துளை இருக்கும் ஸ்பீக்கரில் கேபிள் போட்டுப் பாருங்கள். கேபிளிலும் அறுந்தால் ஸ்பீக்கரின் பேட்டரியையோ உள்பாகத்தையோதான் சந்தேகிக்க வேண்டும்.

அலைச் சிக்கல்தான் அதிகம் தொல்லை தருவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் கூட. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 79 தடங்களுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை வரை தாவி ஒலியை அனுப்புகிறது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் இருக்கின்றன. வீவக அடுக்குமாடி புளோக்கில் பக்கத்து வீட்டு ரௌட்டர், மேல்வீட்டு ரௌட்டர் எல்லாமே அங்கே நெருக்கும். அதனால் ஸ்பீக்கரை ரௌட்டருக்குப் பக்கத்தில், ஒரே டிவி மேசைமேல் வைக்காதீர்கள்; ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ரௌட்டரின் 2.4 பட்டையில் சேனல் அகலம் 40 என்றிருந்தால் 20 மெகாஹெர்ட்ஸாகக் குறையுங்கள். 40 என்பது பட்டையில் பாதியை விழுங்கிவிடும். போனின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது இன்னும் நல்லது. லேப்டாப்பிலிருந்து பாட்டுப் போடுபவர்கள், அதில் செருகிய யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கையும் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் கேபிளும் இதே பட்டையில் இரைச்சலைக் கசியவிடும்.

வீட்டில் நன்றாக ஓடிய ஸ்பீக்கர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் மட்டும் ஏன் அறுகிறது? மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும். வீட்டுக்குள் சுவரும் கூரையும் அலையைத் திருப்பி அனுப்புவதால் அது சுற்றி வந்தாவது சேர்ந்துவிடும். திறந்தவெளியில் திருப்பி அனுப்ப ஒன்றுமில்லை. பின்பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்து நில்லுங்கள், பாட்டு தடுமாறும். முதுகைத் திருப்பினால் தெளிந்துவிடும். பார்பிகியூ குழிக்குப் பக்கத்தில் பத்துப் பேர் சூழ நிற்கும்போது ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். மேசைமேல், இடுப்பு உயரத்துக்கு மேல் வைத்து, போனையும் அதன் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். வீட்டில் பாம் ஷெல்டரின் (தடித்த கான்கிரீட் பாதுகாப்பு அறையின்) சுவரும் அதன் இரும்புக் கதவும் போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வந்தாலும் இதே கதைதான்.

கோடெக் என்பது புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. அதில் எல்டாக் (LDAC) வகையை நொடிக்கு 990 கிலோபிட்டில் பூட்டி வைப்பதும் தவறு. நெரிசலில் அவ்வளவு தரவு தாங்காது. போனின் புளூடூத் அமைப்பில் ஏஏசி (AAC) அல்லது எஸ்பிசி (SBC) கோடெக்குக்கு மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

ஸ்பீக்கர் ஒரே சமயத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வகையா? பிள்ளையின் டேப்லெட் அறிவிப்பு ஒன்று வந்தாலே உங்கள் பாட்டு நிற்கும். தேவையில்லாத இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றால், பாட்டுச் செயலிக்கு மட்டும் போனின் பேட்டரி சேவர் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

குத்துப் பாட்டில் அடி விழும்போதெல்லாம் ஒலி வெட்டி, வால்யூமைக் குறைத்தால் சரியாகிறதா? அது அலை இல்லை, பேட்டரி. சார்ஜ் குறைந்தாலும் பழசானாலும், பேஸ் இழுக்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சரியும். முழுதாகச் சார்ஜ் செய்தும் வெட்டினால் பேட்டரியை மாற்ற வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜரில் போடவே கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ரீசெட். அப்போதும் போனில் ஸ்பீக்கரின் பெயரை நீக்கிவிட்டு, ஸ்பீக்கரின் இணைப்புப் பட்டியலையும் அழியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பழைய பதிவு மறுபக்கம் தங்கிவிடும், சில சமயம் இணையவே மறுக்கும். எந்தப் பொத்தானை எத்தனை நொடி அழுத்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.