அம்மா அப்பாவை கூட்டிட்டு ரோம் போறீங்களா? மும்பைக்காரங்களுக்கு சில டிப்ஸ்

மே லீவுக்கு யூரோப் கிளம்புறவங்க செம்பூர், மாட்டுங்கா, டோம்பிவலி பக்கம் நம்ம ஆளுங்கள்ல இப்போ நிறைய, அதுலயும் வயசான அம்மா அப்பாவை கூட்டிட்டு போறவங்க ஜாஸ்தி. பஸ் டூர்ல போனா ரோமுக்கு ஒரு நாள், மிஞ்சினா ஒண்ணரை நாள்தான் குடுப்பாங்க, அதுல பாதி கியூவுலயே கரைஞ்சிடும். அதனால நான் கேக்குறவங்க கிட்ட எல்லாம் சொல்றது இதுதான், ரோமுக்கு நாலு ராத்திரி வைங்க, முன்கூட்டியே டிக்கெட் எடுக்குற இடம்னு கொலோசியம், வாட்டிகன் மியூசியம் ரெண்டை மட்டும் வெச்சுக்கோங்க. மத்ததுல முக்கால்வாசி ரோட்டுலயும் சர்ச்சுலயும் ஃப்ரீயா இருக்கு, காலையில அஞ்சு மணிக்கே எழுந்து உக்காந்துக்கிற நம்ம வீட்டு பெரியவங்களுக்கு அந்த ஊரு ரொம்பவே ஒத்துப்போகும்.

முதல்ல விசா. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி உட்பட பல யூரோப் நாட்டுக்கு சேர்த்து ஒரே விசா) அப்ளை பண்ணலாம், அதை பயன்படுத்திக்கோங்க, லீவு சீசன் நெருங்க நெருங்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது கஷ்டம். ரெண்டு மூணு நாடு போறீங்கன்னா எங்க அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும். டிராவல் இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் ஆகணும், பெரியவங்களுக்கு பிபி சுகர் இருந்தா முன்னாடியே இருக்கிற வியாதிக்கும் கவர் இருக்கான்னு பாலிசியை உக்காந்து படிச்சு பாருங்க. லீவு மாத்த முடியும்னா அக்டோபர் ரொம்ப நல்லது. ஜூலை ஆகஸ்ட் மட்டும் வேணாம், வெயில் 35 டிகிரியை சாதாரணமா தாண்டும், ஆகஸ்ட் 15 ஒட்டி பல கடை பூட்டியிருக்கும்.

ஏர்போர்ட்ல இருந்து ஊரோட மெயின் ஸ்டேஷனான டெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ட்ரெயின் 32 நிமிஷம், ஆளுக்கு 14 யூரோ. ஆனா நாலு பேரு போனா 56 யூரோ ஆயிடுது இல்லையா, அதுக்கு ஊரோட பழைய மதில் சுவருக்குள்ள இருக்கிற ஹோட்டல் வாசல் வரைக்கும் அரசு டாக்ஸி ஃபிக்ஸட் ரேட் 55 யூரோதான், அது வண்டிக்கு மொத்தமா, லக்கேஜும் அதுலயே அடக்கம். வெள்ளை கலர் டாக்ஸி, ஸ்டாண்டுல கியூவுல நின்னுதான் ஏறணும், உள்ளயே வந்து "டாக்ஸி டாக்ஸி"ன்னு கூப்பிடுறவங்க பின்னாடி போகாதீங்க. ஊருக்குள்ள மெட்ரோவுக்கு பேங்க் கார்டை கேட்டுல தட்டினா போதும், தனியா டிக்கெட் வேணாம். டெர்மினியில இருந்து வாட்டிகன் பக்கம் போற 64ஆம் நம்பர் பஸ்ஸும் மெட்ரோ ஏ லைனும் பிக்பாக்கெட்டுக்கு பேர் போனது, லோக்கல்ல பையை முன்னாடி மாட்டிப்போமே அதே பழக்கத்தை அங்கயும் விடாதீங்க. யாராவது சிரிச்சிக்கிட்டே வந்து கையில கயிறு கட்ட வந்தாலோ ரோஜாப்பூவை நீட்டினாலோ கையை இழுத்துக்கிட்டு நடந்துடுங்க, வாங்கிட்டா காசு குடுக்காம விடமாட்டாங்க.

இப்போ முக்கியமான விஷயம், காலை. முதல் நாள் 6:30க்கெல்லாம் ட்ரெவி ஃபவுன்டன் போயிடுங்க. பத்து மணிக்கு மேல அங்க கால் வைக்க இடம் இருக்காது, விடியக்காலையில போனா தண்ணி விழுற சத்தத்தை நிம்மதியா கேக்கலாம். அந்த தண்ணியை ஊருக்குள்ள கொண்டு வந்த வாய்க்கால் கி.மு. 19ல ரோமானிய தளபதி அக்ரிப்பா கட்டினது, நடுவுல பழுதாகி ரிப்பேர் ஆகி இன்னைக்கும் அந்த வழியாதான் வருதுங்கிறதை அப்பா மாதிரி ஆளுங்களுக்கு சொல்லுங்க, ரொம்ப நேரம் நின்னு பாப்பாங்க. அங்கிருந்து பொடிநடையா பாந்தியன், பழைய ரோமானிய கோயில். 2023 ஜூலைல இதுக்கு 5 யூரோ டிக்கெட் வெச்சாங்க, தாராளமா குடுக்கலாம். சுமார் 1900 வருஷத்துக்கு முன்னாடி ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்துல கட்டினது, 43 மீட்டர் அகலத்துக்கு கான்க்ரீட் கூரை, உள்ள ஒரு இரும்புக் கம்பி கூட கிடையாது, அந்த வகையில உலகத்துலயே இன்னும் இதுதான் பெருசு. உச்சியில திறந்த ஓட்டை இருக்கு, மழை பெஞ்சா உள்ளயே கொட்டும், தரையில தண்ணி வடிய சின்ன துவாரம் வெச்சிருக்காங்க, அதை குனிஞ்சு தேடி பாருங்க.

அடுத்து இன்னும் கொஞ்ச தூரத்துல நவோனா சதுக்கம். நடுவுல இருக்கிறது சிற்பி பெர்னினி 1651ல முடிச்ச நாலு நதி ஃபவுன்டன், நைல், டான்யூப், ரியோ டி லா பிளாட்டா, நாலாவதா நம்ம கங்கை! கையில துடுப்போட உக்காந்திருக்கிறவர்தான் கங்கை, அந்த ஆத்துல படகு போகும்னு காட்டுறதுக்காக அந்த துடுப்பு. காசி போயிட்டு வந்த பாட்டி தாத்தா கூட இருந்தா அவங்களை இது முன்னாடி நிறுத்தி ஒரு ஃபோட்டோ எடுக்காம வராதீங்க.

கொலோசியம் டிக்கெட்ல பேரு அச்சாகும், கேட்டுல பாஸ்போர்ட்டோட ஒப்பிட்டு பாப்பாங்க, அதனால இனிஷியலை முன்னாடி போடுறதா பின்னாடி போடுறதான்னு யோசிக்காம பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே டைப் பண்ணுங்க. அதிகாரப்பூர்வ சைட்ல 30 நாளைக்கு முன்னாடி டிக்கெட் திறக்கும், அன்னைக்கே எடுத்துடுங்க, லேட் ஆனா ரீசேல் பண்றவங்க கிட்ட டபுள் விலைக்கு போக வேண்டியிருக்கும். உள்ள மாடிக்கு லிஃப்ட் உண்டு. அதே டிக்கெட்ல பக்கத்துல இருக்கிற ஃபோரமும் (பழைய ரோம் ஊரோட இடிபாடுங்க) வருது, ஆனா ஃபோரம் தரை ரொம்ப மேடு பள்ளம், நிழலும் கம்மி. முட்டி வலி இருக்கிறவங்களை அதுல இறக்கி கஷ்டப்படுத்தாதீங்க, கேப்பிட்டோலின் குன்று மேல இருக்கிற சதுக்கத்துக்கு சாய்வான பாதையில மெதுவா ஏத்தி கூட்டிட்டு போங்க, அங்க முனிசிபல் பில்டிங் பின்பக்கம் நின்னா மொத்த ஃபோரமும் கீழ விரிஞ்சு கிடக்கும், காசும் இல்லை. சாயங்கால வெளிச்சத்துல அந்த இடம் எனக்கு கொலோசியத்தை விட பிடிக்கும்.

வாட்டிகன் மியூசியம் ஞாயித்துக்கிழமை லீவு. மாசக் கடைசி ஞாயிறு மட்டும் ஃப்ரீன்னு திறப்பாங்க, ஆனா அன்னைக்கு கூட்டம் தாங்காது, பெரியவங்களோட போகாதீங்க. சிஸ்டைன் சேப்பல் கடைசியில வரும், அது வரைக்கும் நீள நீளமா காரிடார், அதனால வழியில எங்க பெஞ்ச் பாத்தாலும் உக்கார வைங்க. மைக்கலேஞ்சலோ 1508ல இருந்து 1512 வரைக்கும் சாரத்து மேல நின்னு வரைஞ்ச கூரை சுமார் 20 மீட்டர் உயரத்துல இருக்கு, ஃபோட்டோ எடுக்க விடமாட்டாங்க, சின்ன பைனாகுலர் ஒண்ணு கொண்டு போனா ஒவ்வொரு முகமா பாக்கலாம். புனித பீட்டர் சர்ச் இதுல சேராது, அதுக்கு டிக்கெட் இல்லை, காலை 7 மணிக்கு திறந்ததும் போனா செக்யூரிட்டி கியூ குறைவு. புதன்கிழமை காலை மட்டும் வேணாம், போப் மக்களை சந்திக்கிற நேரம். உள்ள நுழைஞ்சதும் வலது பக்கம் கண்ணாடிக்கு பின்னாடி பியெட்டா சிலை, மேரி மாதா மடியில இயேசு. கோபுரத்து மேல ஏற மொத்தம் 551 படி, லிஃப்ட்ல போனாலும் 320 படி மிச்சம் இருக்கும், அதுவும் குறுகல், சிறுசுங்களை மட்டும் அனுப்புங்க.

சர்ச்சுக்கு தோளும் முட்டியும் மூடியிருக்கணும், புடவை சல்வார்ல பிரச்சினையே இல்லை, ஷார்ட்ஸ் போட்ட பசங்களைத்தான் நிறுத்துவாங்க. நிறைய சர்ச்சுல மத்தியானம் நடை சாத்திடுவாங்க, பன்னெண்டரைக்குள்ள போங்க, இல்லைன்னா நாலு மணிக்கு மேல. சான் லூயிஜி தெய் ஃபிரான்சேஸி சர்ச்சுல கரவாஜியோவோட மூணு பெரிய ஓவியம் இருக்கு, சான் பியெத்ரோ இன் வின்கோலில மைக்கலேஞ்சலோ செதுக்கின மோசே, சாந்த் இன்யாட்சியோல சமமான கூரையில கோபுரம் இருக்கிற மாதிரியே வரைஞ்சு வெச்சிருக்காங்க. எல்லாமே ஃப்ரீ. சில இடத்துல லைட் எரிய காசு போடணும், சில்லறை யூரோ கையில வெச்சுக்கோங்க.

தண்ணி பாட்டில் வாங்காதீங்க. ஊரு முழுக்க நசோனின்னு இரும்பு குழாய் ரெண்டாயிரத்துக்கும் மேல இருக்கு, குடிக்கிற தண்ணிதான், ஜில்லுன்னு வரும், மூக்கு மாதிரி வளைஞ்ச குழாயை விரலால அடைச்சா மேல இருக்கிற ஓட்டையில இருந்து பீச்சும், வாய் வெச்சே குடிக்கலாம். பாத்ரூம் கவலையும் மத்த ஊரை விட கம்மி, இத்தாலியில வீட்டுக்கு பிடே (டாய்லெட் போனப்புறம் கழுவிக்கிற குழாய் வெச்ச தொட்டி) இருக்கணும்னு 1975லயே சட்டம் வந்துடுச்சு, நிறைய ஹோட்டல்லயும் இருக்கும், புக் பண்ணும்போது ஃபோட்டோல பாத்துக்கோங்க. வெளியில இருக்கும்போது அவசரம்னா ஏதாவது காப்பி பாருக்குள்ள போய் ஒரு காப்பி வாங்குங்க, பாத்ரூம் கேட்டா விடுவாங்க. நின்னுக்கிட்டு குடிச்சா காப்பி விலை கம்மி, டேபிள்ல உக்காந்தா ஏறிடும்.

சுத்த சைவம்னா நல்லா கவனிங்க. காய்ஞ்ச பாஸ்தாவுல பொதுவா முட்டை கிடையாது, ஃபிரெஷ் பாஸ்தாவுல பெரும்பாலும் உண்டு. பீட்ஸா மரினாராங்கிறது தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும், சீஸ் கூட இல்லை. பெக்கோரினோ, பார்மிஜானோ ரெண்டு சீஸும் கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னெட் போட்டு செய்யுறது, இதுக்கு மனசு ஒப்பாதவங்க அதை தொடாதீங்க. பூசணிப்பூ வறுவல் பாக்க நம்ம பஜ்ஜி போலத்தான் இருக்கும், உள்ள நெத்திலி வெச்சிருப்பாங்க, சுப்லின்னு அரிசி உருண்டைல பல கடையில கறி இருக்கும். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா", அதாவது கறி, மீன், முட்டை வேணாம்னு, இதை பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வைங்க. ஹோட்டல்ல ராத்திரி சாப்பாடு ஏழரைக்கு மேலதான் சூடு பிடிக்கும், சீக்கிரம் சாப்பிடுறவங்களுக்கு எடை போட்டு வெட்டிக் குடுக்குற பீட்ஸா கடைதான் சரி.

கிச்சன் இருக்கிற ரூம் கிடைச்சா இன்னும் நல்லது. டெர்மினி பக்கத்துல எஸ்குவிலினோ மார்க்கெட்ல அரிசி, பருப்பு, வெண்டைக்காய், பச்சைமிளகாய் எல்லாம் கிடைக்குது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தேப்லா இங்கிருந்து கட்டிக்கோங்க, ஆனா நெய், பனீர், பால் பவுடர் யூரோப்புக்குள்ள கொண்டு போக அனுமதி இல்லை, மாம்பழம் கறிவேப்பிலையும் சர்ட்டிஃபிகேட் இல்லாம விடமாட்டாங்க, அதனால சீசன்ல ஆசையா வாங்கின ஹாபூஸை வீட்டுலயே சாப்பிட்டு முடிச்சிட்டு கிளம்புங்க. செருப்பு வேணாம், ரோடு முழுக்க கருங்கல் பாவினது, நல்லா பழகின ஷூ போட்டு ஒரு மாசம் முன்னாடியே அம்மா அப்பாவை தினமும் வாக்கிங் கூட்டிட்டு போக ஆரம்பிங்க.