ஆமிஷ் சாக்லேட் சிப் குக்கீ மெத்தென்று வராமல் போவது எதனால்?

ஓவனுக்குள் இருக்கும்போதே வெந்தது போலத் தெரிகிற குக்கீ ஆறியதும் முறுக்காகிவிடும். ஆமிஷ் என்போர் அமெரிக்காவில் பழைய முறையில் எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவச் சமூகத்தினர். அவர்கள் பாணி சாக்லேட் சிப் குக்கீ அப்படி இருக்கக் கூடாது. பிட்டால் மடமடவென்று உடையாமல், கொஞ்சம் வளைந்து பிய்ய வேண்டும். மூன்றாம் நாளும் நடுவில் விரல் வைத்தால் அமுங்க வேண்டும். இந்த மென்மைக்கு ரகசியப் பொருள் என்று எதுவும் இல்லை. மாவில் ஈரத்தைப் பிடித்து வைப்பது, அந்த ஈரம் ஓவனில் போய்விடாமல் பார்த்துக்கொள்வது, இரண்டே வேலைதான். கீழே வரும் தவறுகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைக் கெடுப்பவை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாக்லேட் சிப் குக்கீ ஆமிஷ் மக்கள் கண்டுபிடித்தது அல்ல. 1930களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் விட்மன் ஊரில், டோல் ஹவுஸ் விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டின் சமையலறையில் பிறந்தது அது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், ஓஹையோவின் ஹோம்ஸ், இந்தியானாவின் வடபகுதி என்று ஆமிஷ் குடும்பங்கள் அடர்ந்து வாழும் இடங்களில் அது வேறு உருவம் எடுத்தது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு, முடிந்ததும் எல்லோருக்கும் அங்கேயே சாப்பாடு என்பது அவர்கள் வழக்கம். அந்தக் கூட்டத்துக்கு முன்கூட்டியே செய்து டப்பாவில் அடைக்கிற பலகாரம், நாள் தள்ளினாலும் காயாமல் இருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் குக்கீகளில் பிரவுன் சுகர் அதிகம். பல வீடுகளில் இன்ஸ்டன்ட் வெனிலா புட்டிங் பவுடரும் (குளிர்ந்த பாலிலேயே கெட்டியாகும் இனிப்புப் பொடி) சேரும். ஆளுக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு, இதுதான் அசல் என்று ஒன்றைக் காட்ட முடியாது. சிலர் புளித்த கிரீம் சேர்ப்பார்கள், சிலர் வெண்ணெயில் பாதிக்கு எண்ணெய் ஊற்றுவார்கள். இங்கே எடுத்துக்கொள்வது பரவலாகச் செய்யப்படும் புட்டிங் பவுடர் வகை.

அளவு இது: மைதா 280 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 227 கிராம், பிரவுன் சுகர் 160 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், இன்ஸ்டன்ட் வெனிலா புட்டிங் பவுடர் 96 கிராம் (சின்ன பாக்கெட் ஒன்று), முட்டை 2, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, சமையல் சோடா தலை தட்டிய 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சாக்லேட் சிப் 340 கிராம். 40 கிராம் உருண்டையாக உருட்டினால் முப்பது குக்கீ வரும். ஓவன் 175 டிகிரி செல்சியஸ், நேரம் 10 முதல் 11 நிமிடம்.

மைதாவைக் கப்பால் மொண்டு எடுப்பது

குக்கீ காய்ந்து போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. அமெரிக்கக் குறிப்புகளில் “இரண்டேகால் கப் மாவு” என்று போட்டிருக்கும். அங்கே ஒரு கப் என்பது ஏறக்குறைய 240 மில்லி. மாவைக் கரண்டியால் அள்ளிக் கப்பில் தளர்வாகப் போட்டு, கத்தியின் முதுகால் தலையைத் தட்டினால் 125 கிராம் சுற்றி நிற்கும். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு மொண்டால் மாவு அழுந்தி 150 கிராம் வரை ஏறிவிடும். இரண்டேகால் கப்புக்குக் கணக்குப் போட்டால் 55 கிராமுக்கு மேல் கூடுதல். அத்தனை மாவும் முட்டையிலும் வெண்ணெயிலும் உள்ள ஈரத்தைக் குடிக்கும். உருண்டை தட்டில் பரவாமல் லட்டு மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும், உள்ளே பிஸ்கட் போல இருக்கும்.

தராசு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பேக்கிங்குக்கு என்று ஒரே ஒரு சாமான் வாங்குவதாக இருந்தால் தராசுதான், பீட்டர் (மாவு அடிக்கும் கருவி) அப்புறம்.

மாவு சேர்த்த பிறகு அடிப்பதும் இதே கணக்கில் வரும். மைதாவில் பசைத்தன்மை இருக்கிறது. பரோட்டாவுக்கு அதுதான் வேண்டும், குக்கீக்கு அதுதான் எதிரி. மாவைப் போட்டதும் பீட்டரை எடுத்து வைத்துவிட்டு, கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். வெள்ளைத் திட்டு ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும்போதே சிப்ஸைப் போட்டுவிடலாம். அதைக் கலக்கும்போது திட்டும் மறைந்துவிடும்.

கஸ்டர்ட் பவுடரைப் புட்டிங் பவுடர் என்று நினைப்பது

இன்ஸ்டன்ட் புட்டிங் பவுடரில் பெரும்பகுதி சர்க்கரை. மீதி, முன்பே பதப்படுத்தப்பட்ட ஸ்டார்ச். அது அடுப்பில் வைக்காமலே, குளிர்ந்த பாலிலேயே கெட்டியாகும் தன்மை உள்ளது. மாவில் போட்டால் ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஓவன் சூட்டிலும் அந்த ஈரம் சுலபத்தில் போகாது. நம் கடைகளில் கிடைக்கிற கஸ்டர்ட் பவுடரோ பச்சைச் சோளமாவும் நிறமும் வாசனையும் மட்டும்தான், சர்க்கரை இல்லை. அதை 96 கிராம் அள்ளிப் போட்டால் நாக்கில் மாவு மாவாக ஒட்டும், இனிப்பும் குறையும்.

புட்டிங் பவுடர் கிடைக்காவிட்டால் சோளமாவு 15 கிராம் போட்டு, வெள்ளைச் சர்க்கரையை 50 கிராமிலிருந்து 100 கிராமாக ஏற்றிக்கொள்ளுங்கள். அச்சு அசலாக வராது, ஆனால் மென்மை கிடைக்கும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் செய்கிற தவறு வேறு. கடையில் ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் இரண்டு வகை இருக்கும், ஒன்று இன்ஸ்டன்ட், இன்னொன்று காய்ச்சிச் செய்வது. காய்ச்சும் வகை இதற்கு உதவாது. பெரிய பாக்கெட் 144 கிராம், அதை முழுதாகக் கொட்டினால் குக்கீ ரப்பராகும். பெட்டியில் போட்டிருப்பது போலப் பாலில் கரைத்துப் புட்டிங் செய்து அதை மாவில் சேர்ப்பவர்களும் உண்டு. வேண்டாம், பொடியை உலர்ந்தபடியே போட வேண்டும்.

சர்க்கரையை மாற்றுவது, குறைப்பது

“இவ்வளவு சர்க்கரையா” என்று பாதியாகக் குறைத்தால் இனிப்பு மட்டும் குறையாது. சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கும், பசை இறுகாமல் தடுக்கும், குக்கீ பரவவும் அதுதான் காரணம். பிரவுன் சுகரில் இருக்கும் மொலாசஸ் என்ற கரும்புப் பாகு இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். குறைத்தே ஆக வேண்டும் என்றால் வெள்ளைச் சர்க்கரையில் கை வையுங்கள், பிரவுன் சுகரைத் தொடாதீர்கள்.

பிரவுன் சுகர் என்று லேபிள் ஒட்டி விற்கிற எல்லாமும் அது அல்ல. உலர்ந்து, கரகரவென்று பெரிய பெரிய பரலாக இருந்தால் அது டெமராரா என்ற வேறு வகைச் சர்க்கரை. வெண்ணெயில் முழுதாகக் கரையாது, குக்கீயும் மொறுமொறுவென்று ஆகும். சரியான பிரவுன் சுகர் புட்டுக்குப் பிசிறிய மாவு போல, பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். நாட்டுச் சர்க்கரை போடலாம். கட்டியில்லாமல் சலித்து, ரொம்பக் காய்ந்திருந்தால் ஒரு தேக்கரண்டி தேன் சேர்த்துக்கொள்ளுங்கள். வெல்ல வாசனை தூக்கலாக இருக்கும், அது பிடிக்காதவர்கள் பாதிக்குப் பாதி போட்டால் போதும்.

உருகிய வெண்ணெய்

பல குறிப்புகளில் “மென்மையான வெண்ணெய்” என்று மட்டும் இருக்கும். எவ்வளவு மென்மை? விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. கணக்குக்கு 18 முதல் 20 டிகிரி. சென்னை வெயிலில் வெளியே வைத்த கால் மணி நேரத்தில் அந்தப் பதத்தைத் தாண்டிவிடும், ஆகவே துண்டு துண்டாக நறுக்கி வைத்துப் பத்து நிமிடத்திலேயே தொட்டுப் பாருங்கள். தளர்ந்து போன வெண்ணெய் காற்றைப் பிடிக்காது. தட்டில் வைத்ததும் எண்ணெயாக ஓடி, குக்கீ அப்பளம் போலப் பரந்து, ஓரம் கருகும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் இரண்டு நிமிடம் அடித்தால் போதும். கேக்குக்கு அடிப்பது போல ஐந்தாறு நிமிடம் அடித்தால் உப்பி எழுந்து, வெளியே எடுத்ததும் சுருங்கிவிடும். முட்டை ஃப்ரிட்ஜ் குளிரோடு விழுந்தால் கலவை திரிந்தது போல ஆகும், அரை மணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள். நம் ஊர் முட்டை சிறிசும் பெரிசுமாக வருவதால், உடைத்து ஊற்றியது மொத்தம் 100 கிராம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. உப்பு போட்ட மஞ்சள் வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் தனி உப்பை விட்டுவிடலாம்.

சோடா

சமையல் சோடா, ஆப்ப சோடா, பேக்கிங் சோடா மூன்றும் ஒன்றே. பேக்கிங் பவுடர் வேறு. சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடரைப் போட்டால் குக்கீ உப்பி, வெளிறி, கேக் துண்டு போல வரும். சோடா கூடினால் சோப்பு வாடை. தேக்கரண்டியைக் கூம்பாக அள்ளுவதும் தலை தட்டி அள்ளுவதும் ஒன்றல்ல, இங்கே அந்த வித்தியாசம் வாயில் தெரியும். பழைய டப்பா என்றால் கொஞ்சம் எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், உடனே பொங்காவிட்டால் குப்பைக்குத்தான்.

மாவைக் குளிரவைக்காமல் சுடுவது

மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் இறுகும், புட்டிங் ஸ்டார்ச்சும் மைதாவும் ஈரத்தை உள்வாங்கும். ஓவனில் வெண்ணெய் உருகத் தொடங்குவதற்குள் ஓரம் பிடித்துக்கொள்ளும், குக்கீ கனமாக நிற்கும். ஒரு ராத்திரி வைத்தால் சுவையே கூடும். உருட்டி வைத்துவிட்டுக் குளிரவைப்பது சுலபம், கல்லாகிப் போன மாவைப் பிறகு கரண்டியால் தோண்டுவது கைக்கு வேலை. உருண்டையைத் தட்டையாக அமுக்காதீர்கள். அகலத்தைவிட உயரம் சற்றுக் கூடுதலாக இருந்தால் நடுப்பகுதி கடைசியில்தான் வேகும், நமக்கு வேண்டியது அதுதான்.

முதல் ஈடு எடுத்த சூடான தட்டிலேயே இரண்டாம் ஈட்டை வைத்தால் இந்தக் குளிரவைத்த வேலை அத்தனையும் வீண். தட்டின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டித் துடையுங்கள், இல்லையென்றால் இரண்டு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் வரட்டும் என்று காத்திருப்பது

மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களும் கோட்டைவிடுகிற இடம் இதுதான். பத்தாவது நிமிடத்தில் கதவுக் கண்ணாடி வழியே உற்றுப் பாருங்கள். ஓரத்தில் விரல் அகலத்துக்குப் பளபளப்பு போய் மங்கியிருக்கும், அடி விளிம்பில் மட்டும் லேசான பொன்னிறம். நடுப்பகுதி உப்பலாக, வெளிறி, ஈரப் பளபளப்போடு இருக்கும், சட்டியிலிருந்து எடுக்க இன்னும் ஒரு நிமிடம் இருக்கிற ஆப்பத்தின் நடு போல. பார்த்தால் பச்சை என்றுதான் தோன்றும். அந்த நொடியில் வெளியே எடுக்க வேண்டும். தட்டின் சூட்டிலேயே நடுப்பகுதி வெந்து முடியும், உப்பல் அடங்கி மேலே சின்னச் சின்ன வெடிப்பு விழும். நடுவும் பொன்னிறமாகட்டும் என்று இன்னும் மூன்று நிமிடம் விட்டால், பிடித்து வைத்த ஈரம் போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

வெளியே எடுத்ததும் ஐந்து நிமிடம் தட்டிலேயே இருக்கட்டும், தூக்கினால் உடையும். பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். முழுதாக ஆறும் வரை சூடான தட்டிலேயே விட்டால் அடிப்பாகம் தடித்துப் போகும்.

ஓவனின் எண்ணை நம்பாதீர்கள். ஆமிஷ் வீடுகளில் பொதுவாக மின்கம்பி இணைப்பு இருக்காது. புரோபேன் எரிவாயு ஓவன் அல்லது விறகு அடுப்புதான். விறகு அடுப்பில் நெருப்பு எரிகிற பக்கம் சூடு அதிகம் என்பதால் பாதியில் தட்டைத் திருப்பி வைப்பார்கள். ஓடிஜி எனும் சின்ன மின்சார ஓவனுக்கும் இது பொருந்தும். விளக்கு அணைந்ததும் ஓவன் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மொத்தம் பதினைந்து நிமிடமாவது சூடேற்றுங்கள். உள்ளே வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால், குமிழில் 175 என்று வைத்தபோது உள்ளே உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துபோகும். விசிறி ஓடுகிற கன்வெக்‌ஷன் என்றால் 160 போதும். கறுப்புத் தட்டு சூட்டை அதிகம் இழுக்கும், அடி கருகினால் முதலில் தட்டை மாற்றிப் பாருங்கள்.

சாக்லேட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் ஆறினதும் மெழுகு மாதிரி ஒட்டும். பொருள் பட்டியலில் கோகோ பட்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பத்திருபது சிப்ஸை ஒதுக்கி வைத்து, குக்கீ வெளியே வந்த சூட்டில் மேலே பதித்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

எடுத்து வைப்பது

சூடு இருக்கும்போதே மூடினால் டப்பாவுக்குள் வியர்த்து, மேல்பக்கம் பிசுபிசுக்கும். திறந்து வைத்தால் ஒரே நாளில் காயும். முழுதாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் போட்டு வையுங்கள். ஒரு துண்டு பிரெட்டையும் உள்ளே போட்டால் அதன் ஈரம் குக்கீக்குப் போகும். மறுநாள் பிரெட் ரஸ்க் போல விறைத்திருக்கும், குக்கீ மெத்தென்று இருக்கும். விறைத்த துண்டை எடுத்துவிட்டு வேறு போடுங்கள்.

அத்தனையையும் ஒரே நாளில் சுட வேண்டும் என்றும் இல்லை. உருண்டைகளை ஃப்ரீசரில் தட்டில் பரப்பி, இறுகினதும் பையில் கட்டி வைத்தால் இரண்டு மாதம் வரை தாங்கும். உறைந்தது உறைந்தபடியே ஓவனில் வைத்து, இரண்டு நிமிடம் மட்டும் கூட்டிக்கொண்டால் சரி.