தலைவர்களின் வாழ்க்கைப் படங்கள்: பார்வையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகம் பொருந்திவிட்டால் வரலாறும் பொருந்திவிட்டது என்று நம்பிவிடுவதுதான், சர்ச்சைக்குரிய அரசியல் தலைவர்களைப் பற்றிய படங்களைப் பார்க்கும்போது நம்மில் பலரும் முதலில் சறுக்கும் இடம். 2017-இல் வெளிவந்த ‘டார்க்கஸ்ட் அவர்’ படத்தில் வின்ஸ்டன் சர்ச்சிலாக நடித்த கேரி ஓல்ட்மன், சுருட்டும் தொங்கும் கன்னமும் முணுமுணுப்பான பேச்சுமாக ஆளையே கண்முன் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்; அவருக்கும் ஒப்பனைக் கலைஞர்களுக்கும் ஆஸ்கர் கிடைத்ததில் வியப்பில்லை. அந்தப் படத்தின் உச்சத்தில், ஹிட்லருடன் சமாதானம் பேசுவதா போரைத் தொடர்வதா என்று தவிக்கும் சர்ச்சில், காரை விட்டு இறங்கித் தன்னந்தனியாக லண்டன் சுரங்க ரயிலில் ஏறிப் பயணிகளிடம் கருத்துக் கேட்கிறார். பணியவே கூடாது என்று பெட்டி முழுவதும் ஒரே குரலில் சொல்கிறது. அவர்களுடைய பெயர்களைக் குறித்துக்கொண்டு போய் அமைச்சர்களிடம் வாசித்தும் காட்டுகிறார். அப்படி ஒரு ரயில் பயணம் நடக்கவே இல்லை.

நடந்தது இவ்வளவு எழிலானதல்ல. 1940 மே 26 முதல் 28 வரை, இத்தாலியின் வழியாகச் சமாதான நிபந்தனைகளைக் கேட்டுப் பார்க்கலாம் என்ற வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸுடன் சர்ச்சில், மூடிய அறைக்குள் போர்க்கால அமைச்சரவைக் கூட்டங்களில் மல்லுக்கட்டினார். 28-ஆம் தேதி, அந்தச் சிறு குழுவுக்கு வெளியே இருந்த மற்ற அமைச்சர்களைக் கூட்டிப் பேசி, அவர்களுடைய ஆதரவைத் திரட்டிக்கொண்டு வந்து வாதத்தை முடித்தார். அந்தக் கூட்டம் படத்திலும் உண்டு. ஆனால் தேர்ந்த அரசியல்வாதி ஒருவரின் காய்நகர்த்தலாக இருந்ததை, மக்களின் குரலைக் கேட்டு முடிவெடுத்த தலைவரின் கதையாக மாற்றிவிடுவது ரயில் காட்சிதான். இதே படத்தில், 1941-இல்தான் சர்ச்சிலிடம் வேலைக்குச் சேர்ந்த செயலாளர் எலிசபெத் லேய்டன், 1940 மே மாதத்திலேயே தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்திருக்கிறார். அதனால் சர்ச்சிலைப் பற்றிய நம் மதிப்பீடு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இந்த இரண்டு பிழைகளையும் ஒரே தராசில் வைத்து எடைபோடுவது இரண்டாவது தவறு.

எந்தக் காட்சியில் தலைவரைப் பற்றிய தன் தீர்ப்பைப் படம் சொல்கிறதோ, கற்பனை பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கும் என்பது என் அனுபவம். இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, அயர்லாந்து விடுதலைப் போரை நடத்திய மைக்கேல் காலின்ஸைப் பற்றி அவருடைய பெயரிலேயே நீல் ஜோர்டன் 1996-இல் எடுத்த படத்தைத்தான். பிரிட்டிஷ் ஆட்சியின் துப்பறியும் காவலராக இருந்துகொண்டே காலின்ஸுக்கு இரகசியங்களைக் கடத்திய நெட் பிராய் என்பவர் அதில் வருகிறார். காவல்துறையின் ஆவணக் காப்பகத்துக்குள் ஓர் இரவு முழுவதும் காலின்ஸை உட்காரவைத்துக் கோப்புகளைப் படிக்கவிட்ட மனிதர் அவர். அது 1919-இல் உண்மையாகவே நடந்தது. படத்தில் அவர் பிடிபட்டு டப்ளின் கோட்டையில் கொல்லப்படுகிறார். திரையரங்கில் பலர் கண்கலங்கும் இடம் அது. உண்மையான பிராயோ 1921-இல் கைதாகிப் போர்நிறுத்தத்துக்குப் பின் விடுதலையானார். 1933-இல் அயர்லாந்தின் காவல்துறைத் தலைவராகி, 1972 வரை உயிரோடிருந்தார். 1920 நவம்பர் 21 இரவு அந்தக் கோட்டைக் காவலில் கொல்லப்பட்டவர்கள் வேறு மூவர்.

‘பல ஒற்றர்களை ஒரே பாத்திரமாக்கியிருக்கிறார்கள், திரைக்கதைக்கு அது தேவைதானே’ என்று சொல்லலாம், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் பிராயைக் காவல்துறைத் தலைவராக்கியது யாருடைய அரசு என்று பார்த்தால் விஷயம் வேறாகிறது. அது, விடுதலைப் போரில் காலின்ஸின் தோழராக இருந்து, பின்னர் உள்நாட்டுப் போரில் அவருக்கு எதிரணியில் நின்ற ஏமன் டி வலேராவின் அரசு. அதாவது, காலின்ஸின் சாவுக்கு நிழல்போல் பொறுப்பாளியாக இந்தப் படம் சித்திரிக்கும் அதே டி வலேரா. காலின்ஸின் உற்ற ஆளை டி வலேராவின் அரசு உயர்பதவியில் அமர்த்தியது என்ற செய்தி உள்ளே வந்தால், நாயகன், துரோகி என்று படம் போட்டுவைத்த கோடு குழம்பிப்போகும். ஆகவே, யார் யாரை இணைத்து ஒரு பாத்திரமாக்கினார்கள் என்பதோடு நின்றுவிடாமல், அந்த மனிதர் பிற்பாடு என்ன ஆனார் என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

சேர்த்ததை மட்டுமே பொய்யென்று எண்ணி, விட்டதைக் கவனிக்காமல் போவது இன்னொரு பிழை. ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’ (1982) மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. ஆனால் அம்பேத்கர் அதில் இல்லை. 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி இருந்த உண்ணாவிரதமும், அதன் அழுத்தத்தில் கையெழுத்தான பூனா ஒப்பந்தமும் இல்லை. எந்த மனிதனுடைய வாழ்வையும் ஒரே கதையாடலில் அடக்கிவிட முடியாது என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள், நேர்மையான வாசகம்தான். இருந்தாலும், காந்தியின் வாழ்வில் இன்றுவரை கடும் விமர்சனத்துக்கு உள்ளாகும் அத்தியாயம் விடுபட்டதை வெறும் நேரப் பற்றாக்குறை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு படம் யாருடைய நினைவுகளை நம்பி எழுதப்பட்டது என்று கேட்காமல் விடுவதும் உண்டு. ஹிட்லரின் கடைசி நாட்களைக் காட்டும் ‘டவுன்ஃபால்’ (2004) என்ற ஜெர்மன் படத்தை நம்மவர்கள் பலர் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அதில் அவர் கத்தும் காட்சிக்கு வேறு வசனம் எழுதி ஓட்டிய கேலிகளைப் பார்த்திருப்பார்கள். ஹிட்லரை மனிதனாகக் காட்டிவிட்டார்கள் என்பதே அந்தப் படத்தின்மீது எழுந்த பெரிய குற்றச்சாட்டு. என் குறை வேறு. காயம்பட்டவர்களுக்காக உருகும் மருத்துவராக அதில் வரும் ஷெங்க், மௌத்ஹவுசன் வதைமுகாமில் கைதிகள்மீது உணவுப் பரிசோதனைகள் நடத்திய, நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்த அதிகாரி. கண்ணியமான தளபதியாக வரும் மோன்கே, 1940-இல் பிரான்சில் பிரிட்டிஷ் போர்க்கைதிகள் கொல்லப்பட்ட சம்பவத்தில் குற்றம் சாட்டப்பட்டவர். உயிர்தப்பியவர்கள்தாம் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். தம்மைப் பற்றி யார்தான் குறைத்துச் சொல்வார்கள்?

பெயரை மாற்றிய படங்களில் பார்வையாளர் விளையாடும் விளையாட்டு நமக்கு ‘இருவர்’ (1997) வழியாக நன்றாகவே தெரியும். ஆனந்தன் எம்.ஜி.ஆர்., தமிழ்ச்செல்வன் கருணாநிதி என்று பொருத்திக்கொண்டு, நம் தலைவருக்குப் பெருமை தரும் காட்சியை வரலாறென்றும் உறுத்தும் காட்சியைக் கற்பனையென்றும் பிரித்துக்கொள்கிறோம். அதிலே பலரும் ஜெயலலிதாவாகவே கண்ட, கற்பனா என்ற பெயருள்ள பாத்திரம் ஒரு விபத்தில் இறந்துபோகிறது. படம் வந்தபோது ஜெயலலிதா ஐந்தாண்டுகள் முதல்வராக இருந்து முடித்திருந்தார். ஒன்றுக்கு ஒன்று பொருத்துவதைக் கைவிடச் சொல்ல இதைவிட வெளிப்படையாக ஓர் இயக்குநர் வேறென்ன செய்ய முடியும்?

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்துத் தவறும் இருக்கிறது. ஒரு தேதி பிசகினால், ஒரு கார் அந்தக் காலத்து மாடலாக இல்லாவிட்டால், மொத்தப் படமும் பொய் என்று ஒதுக்கிவிடுவது. கட்சிக்காரர்களுக்கு இது வசதியான ஆயுதம். இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை உண்மையாகவே அற்பமானவை. ஆனாலும் ஒதுக்குவதற்கு முன் படம் வெளிவந்த ஆண்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ‘மைக்கேல் காலின்ஸ்’ படத்தில், பெல்ஃபாஸ்டிலிருந்து வந்திறங்கும் துப்பறிவாளர்கள் கோட்டை முற்றத்தில் ஏறி அமர்ந்த கார் வெடித்துச் சிதறுகிறது. காலின்ஸின் ஆட்கள் கைத்துப்பாக்கியால் சுட்டார்கள். கார் வெடிகுண்டு அவர்களுடைய ஆயுதமே அல்ல. அது 1970-களிலிருந்து வட அயர்லாந்தின் தெருக்களை நடுங்கவைத்த ஆயுதம். படம் திரைக்கு வந்த 1996-இல், பிப்ரவரி மாதத்தில்தான், வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதமேந்திய ஐ.ஆர்.ஏ. (அயர்லாந்துக் குடியரசுப் படை) தன் போர்நிறுத்தத்தை முறித்து லண்டனில் ஒரு லாரி குண்டை வெடித்திருந்தது.