புதிய டொமைன் நீட்சிகளில் பணம் போடலாமா? வாங்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு

டாட் காமில் நல்ல பெயர் எதுவும் மிச்சமில்லை, ஆகவே டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் எக்ஸ்ஒய்இசட் போன்ற புதிய நீட்சிகளில் நல்ல சொற்களை இப்போதே வாங்கி வைத்தால் பிற்காலத்தில் பெரிய விலைக்குப் போகுமா என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. சொந்தத் தொழிலுக்கு முகவரியாகப் பயன்படுத்த வாங்குகிறீர்கள் என்றால், சில நிபந்தனைகளோடு, வாங்கலாம். விற்று லாபம் பார்ப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால், நூற்றில் தொண்ணூறு பேருக்கு வேண்டாம் என்பதே என் பதில். மீதமுள்ள பத்துப் பேர் எந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வாங்குகிறார்கள் என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, மனையோடு ஒப்பிட்டுப் பேசுவது விற்பனையாளர்களின் வழக்கம். இந்த ஒப்பீட்டை முதலில் மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். மனைக்குப் பத்திரம் உண்டு. ஒருமுறை பணம் கட்டினால் அது உங்களுடையது. டொமைனுக்கு இருப்பது குத்தகை மட்டுமே. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் வரை பெயர் உங்கள் பேரில் இருக்கும், செலுத்தத் தவறினால் சில வாரங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும். குத்தகைத் தொகையை நிர்ணயிப்பவரும் நீங்கள் அல்லர். அந்த நீட்சியை நடத்தும் பதிவகம் விலையை வைக்கிறது, உங்களுக்கு விற்கும் பதிவாளர் அதன்மேல் தன் பங்கைச் சேர்க்கிறார். மனை என்ற நினைப்பில் டொமைன் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நிலம் புதிதாக விளைவதில்லை, நீட்சிகளோ விளைந்துகொண்டே இருக்கின்றன. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2012-இல் புதிய நீட்சிகளுக்கு விண்ணப்பம் கேட்டபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 1,85,000 டாலர். 2013 அக்டோபரில் தொடங்கி, அவற்றிலிருந்து 1,200-க்கும் மேற்பட்ட நீட்சிகள் நடைமுறைக்கு வந்தன. அடுத்த சுற்றுக்கு ஐகேன் அறிவித்த கட்டணம் 2,27,000 டாலர். ஒரே சொல்லுக்கு டாட் ஸ்டோர், டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் சைட் என்று இத்தனை வாசல்கள் இருக்கும்போது, உங்களிடம் உள்ள ஒரு வாசலுக்காக ஒருவர் ஏன் பெரும் தொகை தர வேண்டும் என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அனுபவம் ஒன்று இதற்குப் பாடமாக இருக்கிறது. கைபேசிக்கென்றே தனி இணையத்தளங்கள் தேவைப்படும் என்ற நம்பிக்கையில், நோக்கியா, மைக்ரோசாஃப்ட், வோடஃபோன் போன்ற பெரிய நிறுவனங்களின் ஆதரவுடன் டாட் மொபி என்ற நீட்சி 2006-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அதே ஆண்டு ஓர் ஏலத்தில் ஃப்ளவர்ஸ் டாட் மொபி 2,00,000 டாலருக்கு விலைபோனது. மறு ஆண்டே ஐஃபோன் வந்தது, சாதாரண இணையத்தளங்களே கைபேசியில் திறக்கத் தொடங்கின, தனி நீட்சிக்கான காரணமே மறைந்தது. பிற்பாடு அந்தப் பெயர் ஏறத்தாழ 6,500 டாலருக்குக் கைமாறியது. வாங்கியவர் அனுபவமற்றவர் அல்லர், தொழிலில் பெயரெடுத்த வணிகர். சொல் நல்ல சொல்தான், மலர் வணிகமும் இன்றளவும் நன்றாகவே நடக்கிறது. பட்டுப்போனது நீட்சி மட்டுமே. ஆகவே, புள்ளிக்கு இடப்பக்கம் உள்ள சொல்லை மதிப்பிடும் அதே கவனத்தோடு, வலப்பக்கம் உள்ள நீட்சி பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் புழக்கத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டா என்பதையும் மதிப்பிட வேண்டும்.

புதுப்பிப்புக் கட்டணம்: முதலில் பார்க்க வேண்டிய எண்

பதிவாளரின் பக்கத்தில் ஒரு பெயரைத் தேடினால், முதல் ஆண்டு 150 ரூபாய் என்று பெரிய எழுத்தில் தெரியும். அதன் அடியில் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், இரண்டாம் ஆண்டிலிருந்து 3,200 ரூபாய் என்று இருக்கும். சில பக்கங்களில் அதுவும் கூடைக்குள் போன பிறகுதான் கண்ணில் படும். நானும் தொடக்கத்தில் பெரிய எழுத்தை மட்டும் பார்த்து ஒரே இரவில் பதினான்கு பெயர்களை வாங்கினேன். அடுத்த ஆண்டு புதுப்பிப்பு நினைவூட்டல்கள் வரிசையாக வந்தபோது, பதினான்கில் பன்னிரண்டைக் கைவிட வேண்டியதாயிற்று. முதல் ஆண்டு விலை என்பது கடைக்குள் அழைக்கும் விலை. முதலீட்டுக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. புதுப்பிப்பு விலையையும், அதன்மேல் வரும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்து எழுதிக்கொண்ட பிறகே மேலே யோசியுங்கள்.

இப்போது கணக்கைப் போடுவோம். உங்களிடம் நூறு பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் புதுப்பிப்பும் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,50,000 ரூபாய் போகும். நன்கு தேர்ந்தெடுத்த தொகுப்பிலேயே ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு விற்றால் பெரிது என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. ஒன்று விற்கிறது, சந்தைத் தளம் 20 விழுக்காடு தரகு எடுத்துக்கொள்கிறது என்றால், அந்த ஒரு பெயர் 3,12,500 ரூபாய்க்கு விற்றால்தான் கைக்காசு போகாமல் தப்பிக்கலாம். லாபம் அதற்குப் பிறகுதான். இதே கணக்கை 1,200 ரூபாய் புதுப்பிப்புள்ள டாட் காம் பெயர்களுக்குப் போட்டால் 1,50,000 ரூபாய்க்கு விற்றாலே போதும். விலை அதிகம் கிடைக்கும் நீட்சியில் செலவு குறைவு, விலை குறைவாகக் கிடைக்கும் நீட்சியில் செலவு இரு மடங்கு. புதிய நீட்சிகளின் அடிப்படைச் சிக்கல் இதுதான், எத்தனை அழகான சொல்லாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

அந்த 2,500 ரூபாய் அப்படியே நிற்கும் என்பதற்கும் உறுதி இல்லை. டாட் காமை நடத்தும் வெரிசைன், பதிவாளர்களிடம் வாங்கும் மொத்த விற்பனை விலையை ஒப்பந்தத்தில் சொன்ன வரம்புக்கு மேல் உயர்த்த முடியாது. 2024 செப்டம்பரில் அந்த விலை 10.26 டாலர் ஆயிற்று. 2012 சுற்றில் வந்த நீட்சிகளுக்கு அப்படி ஒரு வரம்பு பொதுவாக இல்லை. 2017-இல் ஒரு பதிவகம் தன் நீட்சிகள் சிலவற்றின் விலையைப் பல மடங்கு உயர்த்தப்போவதாக அறிவித்தது. ஒப்பந்தத்தில் உள்ள முக்கியக் கவசம் இது: விலையை உயர்த்தும் முன் பதிவகம் ஆறு மாத அறிவிப்புத் தர வேண்டும், அதற்குள் நீங்கள் பழைய விலையிலேயே பத்து ஆண்டு வரை முன்கூட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். தொழில் நடத்தும் முகவரியாக இருந்தால் இதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். பதிவாளரிடமிருந்து வரும் மின்னஞ்சல்களை விளம்பரம் என்று எண்ணித் திறக்காமலே அழித்துவிடாதீர்கள்.

பிரீமியம் பெயர்களைப் பற்றி ஒரு சொல். நல்ல சொற்களைப் பதிவகமே முதலில் எடுத்து வைத்துக்கொண்டு தனி விலை போடுகிறது. அதில் இரண்டு வகை உண்டு: வாங்கும்போது மட்டும் அதிக விலை, பிறகு சாதாரணப் புதுப்பிப்பு என்பது ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் அதே அதிக விலை என்பது மற்றொன்று. இரண்டாம் வகையை முதலீடாக ஒருபோதும் வாங்காதீர்கள். கூடை காட்டும் விலை எந்த வகை என்று தெளிவாகத் தெரியவில்லை என்றால், பதிவாளரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லிப் பார்ப்பது

கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் நண்பர் ஒருவர் தன் நிறுவனத்துக்குப் புதிய நீட்சி ஒன்றில் முகவரி எடுத்து, அட்டையிலும் வண்டியிலும் அச்சடித்தார். ஒருநாள் அவருடைய அறையில் உட்கார்ந்திருந்தபோது வாடிக்கையாளர் ஒருவருக்கு அவர் தொலைபேசியில் முகவரி சொன்னதைக் கேட்டேன். நிறுவனத்தின் பெயர், புள்ளி, நீட்சி என்று முடித்ததும் மறுமுனையிலிருந்து, “அதுக்கப்புறம் டாட் காம் போடணுங்களா?” என்ற கேள்வி வந்தது. “வேண்டாங்க, அவ்வளவுதான்” என்றார். சற்று நேரத்தில், பக்கம் திறக்கவில்லை என்று அதே வாடிக்கையாளர் மறுபடியும் அழைத்தார். அவர் டாட் காம் சேர்த்துத்தான் தட்டியிருந்தார்.

இது சிறு தொழில்களுக்கு மட்டும் நேர்வதில்லை. அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் நிறுவனம் 2011-இல் ஓ டாட் கோ என்ற குறுகிய முகவரிக்கு மாறி, ஓக்லண்ட் விளையாட்டரங்கத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டியது. மக்களோ ஓ டாட் காம் என்று தட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் விரைவிலேயே பழைய பெயருக்குத் திரும்பியது. அத்தனை பெரிய விளம்பரத்தாலும் மாற்ற முடியாத பழக்கத்தை, நீங்கள் விற்கப்போகும் பெயரை வாங்குபவர் தன் செலவில் மாற்றுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, வாங்க நினைக்கும் பெயரைக் கணினி பழக்கமில்லாத ஒருவரிடம் தொலைபேசியில் ஒருமுறை மட்டும் சொல்லி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பிழையின்றி எழுதினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். புள்ளியின் இரு பக்கமும் சேர்ந்து ஒரே தொடராக ஒலிக்கும் பெயர்களே இந்தச் சோதனையில் தேறுகின்றன. விற்றுப்போகும் புதிய நீட்சிப் பெயர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே.

மலிவான நீட்சிகளில் வேறொரு தொல்லையும் உண்டு. 2016 ஜூனில் டாட் எக்ஸ்ஒய்இசட் பெயர்கள் சில பதிவாளர்களிடம் ஒரு சென்ட்டுக்கே கிடைத்தன. பதிவு எண்ணிக்கை பல இலட்சம் கூடியது, ஓராண்டு கழித்துப் புதுப்பிப்பு வந்தபோது சரிந்தது. ஆகவே எத்தனை இலட்சம் பேர் பதிந்தார்கள் என்ற விளம்பரத்தைக் கணக்கில் கொள்ளாதீர்கள். எத்தனை பேர் புதுப்பிக்கிறார்கள் என்பதே வலுவைக் காட்டும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2015 முதல் ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட் முகவரியில் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த மதிப்பு ஆல்ஃபபெட்டுடையது. விலை ஒன்றுமில்லாத இடத்துக்கு மோசடிக்காரர்களும் வருகிறார்கள், மின்னஞ்சல் வடிகட்டிகள் அந்த நீட்சி முழுவதையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்குகின்றன. வாங்கும் முன், அந்தப் பெயர் முன்பு மோசடிக்குப் பயன்பட்டதா என்பதை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வலைக் காப்பகத்தில் பார்த்துவிடுங்கள்.

யார் வாங்குவார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு தாளில் பத்து நிறுவனங்களின் பெயரை எழுத முடியவில்லை என்றால் வாங்காதீர்கள். அதே சொல்லை மற்ற நீட்சிகளில் யார் உண்மையாகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பல நீட்சிகளில் தொழில் நடந்தால் சொல்லுக்குத் தேவை உண்டு என்று பொருள். எல்லாவற்றிலும் விற்பனைக்கு என்ற பலகை மட்டும் தொங்கினால், உங்களைப் போன்றவர்களே வரிசையில் நிற்கிறார்கள் என்று பொருள். நேம்பயோ போன்ற தளங்களில் அந்த நீட்சியில் பதிவான விற்பனைகளைத் தேடும்போது, உச்ச விலையை விட்டுவிட்டு, நடுவில் நிற்கும் விலையைப் பாருங்கள். வணிகச் சின்னமாகப் பதிவான பெயர்களைத் தொடவே வேண்டாம். ஐகேனின் தகராறுத் தீர்வு விதிகளின்படி அவற்றை இழப்பீடின்றி இழக்க நேரிடும். டாட் இன் பெயர்களுக்கும் அதுபோன்ற தனி விதிமுறை உண்டு.

டாட் ஏஐ பெயர்கள் பெரும் விலைக்குப் போகின்றனவே என்று கேட்கலாம். அது 2012 சுற்றில் பிறந்தது அன்று. அங்குயில்லா என்ற சிறு கரீபியத் தீவின் நாட்டுக் குறியீடு, செயற்கை நுண்ணறிவு அலையால் உயர்ந்தது. 2023-இல் யூ டாட் ஏஐ 7,00,000 டாலருக்கு விற்றது. தொழில்நுட்பத் துறையே ஒரு நீட்சியைத் தனதாக்கிக்கொள்ளும்போது கணக்கு மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாட்டுக் குறியீடு அந்த நாட்டின் தலையெழுத்தோடு கட்டப்பட்டது. டாட் ஐஓ குறிக்கும் சாகோஸ் தீவுகளை மொரீசியசிடம் ஒப்படைக்கப்போவதாக 2024-இல் பிரிட்டன் அறிவித்ததும், அந்த நீட்சியின் எதிர்காலம் குறித்த கேள்வி எழுந்தது.

தமிழ் எழுத்திலேயே நீட்சிகள் உண்டு: இலங்கைக்கு .இலங்கை, சிங்கப்பூருக்கு .சிங்கப்பூர், இந்தியாவுக்கு .இந்தியா. தமிழில் முகவரி வைப்பதை நான் மனமார ஆதரிக்கிறேன், என் பெயரையும் அப்படிப் பதிந்திருக்கிறேன். எனினும் பல படிவங்கள் தமிழ் எழுத்து மின்னஞ்சலை இன்னும் ஏற்பதில்லை. சில இடங்களில் முகவரியை ஒட்டினால் எக்ஸ்என் என்று தொடங்கும் விளங்காத எழுத்துக் கோவையாக மாறிவிடுகிறது. பயன்படுத்த வாங்குங்கள், விற்பதற்காக வாங்காதீர்கள்.

இந்தியாவில் விற்கும் எண்ணம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் முடிவையும் கவனியுங்கள். பாரத ஸ்டேட் வங்கி தனக்கென்றே டாட் எஸ்பிஐ என்ற நீட்சியைப் பெற்று, பேங்க் டாட் எஸ்பிஐ என்று தளம் நடத்தியது. 2025-இல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறச் சொன்னது. மோசடியைத் தடுப்பதே நோக்கம். இங்குள்ள வாடிக்கையாளரின் நம்பிக்கை டாட் இன் பக்கம் சாய்கிறது. அதே பணத்துக்கு நல்ல டாட் இன் பெயர் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பெயர் தேறினால், ஐந்துக்கு மேல் வாங்காமல், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுப் புதுப்பிப்புத் தொகையை முன்பே ஒதுக்கிவிடுங்கள். விற்பனை விலையோடு ஓர் எளிய பக்கத்தை அதில் வையுங்கள். வாங்க விரும்புபவரிடமிருந்து விசாரணை வந்தால், பணத்தை இடைநிலையாளரான எஸ்க்ரோ சேவை பெற்றுக்கொண்ட பிறகே பெயரை மாற்றிக் கொடுங்கள். மூன்று ஆண்டில் ஒரு விசாரணைகூட வராத பெயரைப் புதுப்பிக்காதீர்கள். தானியங்கிப் புதுப்பிப்பு இயக்கத்தில் இருந்தால் அட்டையில் பணம் எடுக்கப்பட்டுவிடும் என்பதால், காலக்கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.